கஸ்தூரி அக்கா பிரித்த சிக்கு

இன்று காலை எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, திரையில் ஒரு மூளைப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "நோயாளிங்களுக்கு இத எப்படிண்ணா புரிய வைக்கிறது? சட்டுனு ஒரு உதாரணம் சொல்லுங்களேன்" என்றாள். உதாரணம் என்றால் கேட்காமலே அள்ளி விடுகிற ஆள் நான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். டீ குடிக்கவில்லை.

மூளைக் கட்டிகளையும், மூளைக்குள் பிறவியிலேயே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்ட ரத்தக் குழாய்களையும் ஆராய்கிற இடம் எங்களுடையது. கட்டித் துண்டுகளை மெழுகில் புதைத்துத்தான் சீவுவோம். அந்த உருகிய மெழுகின் வாசனையும், கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைக்கிற வாசனையும் ஒன்றல்ல. என் மூக்குக்குத்தான் அந்த விவரம் கிடையாது. ஒன்றை முகர்ந்தால் மற்றது வந்துவிடும்; கூடவே ஆரணிப் பக்கத்து நெசவு ஊரான முள்ளிப்பட்டு வரும், கஸ்தூரி அக்கா வருவாள்.

அக்கா எங்களுக்குத் தூரத்து உறவு. ஒருநாள் தறியில் இருந்தவளுக்கு வலிப்பு வந்தது. ஸ்கேனில் குழாய்ப் பின்னல் தெரிந்தது. தள்ளிப்போட்டால் வெடிக்கலாம் என்று ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். குழாய்களின் அகலத்தைத் திரையில் அளந்து எழுதுவதுதான் வேலை. ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நடை மட்டும் சர்ஜன் நடை.

"வாடா மூளைக்காரா! என் தலைக்குள்ள இன்னாடா கீது? டாக்டருங்க இங்கிலீசுல பேசி ஒரே பேஜார்."

தறிக்குக் கீழே கழிவுப் பட்டு கிடந்தது. ஒரு கொத்தை அள்ளிச் சுருட்டி அவள் கையில் வைத்தேன். "இதான்க்கா. உன் ரத்தக் குழாய் இந்த மாதிரி சிக்கிகினு கீது."

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! யார் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று யோசிக்கவில்லை. நூலில் சிக்கு விழுந்தால் கத்தரிக்கோலைத் தொடாமல் பிரிப்பதுதான் அங்கே கௌரவம். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் விரல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. முனையைத் தேடி, ஊதி, நெகிழ்த்தி, நான் காப்பியை முடிப்பதற்குள் நூல் நேராக அவள் மடியில் கிடந்தது.

"இவ்ளோதானா? இதுக்கா தலைய அறுக்கணும்றாங்க? ஏங்க, கேட்டீங்களா? கத்திரி எடுக்கறவன் நெசவுக்காரனே இல்லன்னு எங்கப்பாரு சொல்வாரு!"

அவள் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். 'அது தானா பிரியாதுக்கா, உள்ள ரத்தம் முட்டிகினு ஓடுது' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். என் உதாரணம் இத்தனை அழகாகப் பற்றிக்கொண்டதே என்ற மிதப்பு. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. பஸ்ஸிலேயே அதைக் குறித்துவைத்துக்கொண்டு ஆய்வகக் கூட்டத்தில் சொன்னேன். கைதட்டினார்கள்.

அக்கா ஆபரேஷனுக்குப் போகவில்லை. தினமும் தலை நிறைய எண்ணெய் வைத்து, முடியைக்கூட இறுக்கிப் பின்னாமல் தளர விட்டாளாம். "ஜல்தி கூடாது, மெல்லத்தான் பிரியும்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எட்டாவது மாதம் குழாய் வெடித்தது. உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போயின.

"உன் மேல தப்பில்ல தம்பி" என்றார் அவள் வீட்டுக்காரர். "டாக்டருங்க சொன்னது எதுவும் அவளுக்குப் புரியல. நீ சொன்னதுதான் புரிஞ்சுது." ஆறுதலாகத்தான் சொன்னார்.

போன மாதமும் போயிருந்தேன். அக்காவிடம் இப்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "ஆமா." சோறு வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாம் என்னாலதான்க்கா" என்றேன்.

"ஆமா" என்றாள், சிரித்துக்கொண்டே.

பழைய கஸ்தூரி அக்காவாக இருந்தால் என் படிப்பில் தொடங்கி என் பரம்பரை வரைக்கும் இழுத்துவைத்துத் திட்டியிருப்பாள். எனக்குச் சேரவேண்டிய அந்தத் திட்டைத் திட்ட இப்போது யாருமில்லை.