ஏழுமலை மேஸ்திரி தொடாத சுவர்

ஏழுமலை மேஸ்திரி இறந்துவிட்டதாக அவர் மகன் போனில் சொன்னபோது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பக்கத்து வீட்டு வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த சரோஜா அக்காவிடம் சொன்னேன். “அந்தாளு சாவுக்கு நான் இன்னாத்துக்கு வரணும்?” என்றார். நான் மட்டும் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

மேஸ்திரியை அறிந்த நம் தெருக்காரர்களே, உங்களுக்கு அவர் வேலை தெரியும். ராயபுரத்தில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தவர்கள் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்றால், பக்கத்து வீட்டுக்குள் போய் உத்திரத்தின் முனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கடப்பாரை வைக்கமாட்டார். “நம்ம வூட்டத்தான் இடிக்க வந்துகீறோம், அவங்க வூட்ட இல்ல” என்பார். சரியான பிடிவாதக்காரர். அவரோடு நான் போடாத சண்டை இல்லை.

சுனாமிக்கு முந்தைய வருடம் இங்கிருந்த பழைய வீட்டை வாங்கி, இடித்துக் கட்ட மேஸ்திரியிடம் விட்டேன். ஆடி பிறப்பதற்குள் பூமி பூஜை போட்டுவிட வேண்டும் என்று ஒரே பறப்பு. மறுநாள் பூஜை, பொதுச்சுவர் மட்டும் பாக்கி. மீன் விற்கப் போன சரோஜா அக்கா வரட்டும் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போனார். அக்கா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. ஆளில்லாத வீட்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்று, மேஸ்திரியே சொன்னதாக ஆட்களிடம் புளுகி, நான்தான் இடிக்க வைத்தேன்.

விடியலில் கடலிலிருந்து திரும்பித் தூங்கும் கணவரை யாரும் எழுப்பிவிடாதிருக்க, அக்கா வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கமாம். தெருவுக்கே தெரியும். புதிதாக வந்த எனக்குத் தெரியாது. அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த அவர்கள் வீட்டு உத்திரம், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் இடுப்பில் விழுந்தது. அதன் பிறகு அவர் படகேறவில்லை.

யார் இடிக்கச் சொன்னது என்று ஜனம் கூடிக் கத்தியது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “நான்தான் சொன்னேன்” என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தனியாகக் கேட்டேன்.

“நீ அவங்க பக்கத்துலயே குடியிருக்கணும் சார். நான் வேற தெருவுக்குப் பூடுவேன்.”

எந்தத் தெருவும் அவரைக் கூப்பிடவில்லை. அத்திப்பட்டுப் பக்கம் மண் சுமந்து காலம் தள்ளினார். எங்கே பார்த்தாலும், வீடு சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரிப்பார்.

கவனமில்லாத மனுஷன் என்று அவரைப் பேசிய நீங்கள் இனி என்னைப் பேசுங்கள். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதினேன். ஆனால் சரோஜா அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எழுந்து போய் அவர் கதவைத் தட்டியாக வேண்டும். அவர் கணவரும் வீட்டில்தான் இருப்பார்.