கிளிஞ்சல்மேட்டுக் கடலில் இரண்டு பேட்டரி

பதினெட்டு வருடம் ராணுவத்தில் ஆளில்லா விமானம் ஓட்டியவன் நான். விமானம் எல்லைப் பக்கம் பறக்கும். நான் கூடாரத்துக்குள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அங்கே எடுத்த படம் ஒன்றுகூட வீட்டுக்கு வரக்கூடாது. "அத்தன வருசம் அப்படி என்னத்தத்தான் பாத்தீங்க?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். அவளுக்கு அதில் இன்றைக்கும் குறைதான்.

சென்ற ஆடி மாதம் காரைக்கால் போனது, என்னோடு அதே பிரிவில் இருந்த இளங்கோவைப் பார்க்க. ஓய்வு பெற்று வரிச்சிக்குடியில் குடியேறி, வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் வாங்கியிருக்கிறான். நாகப்பட்டினத்தில் காலை 6.40 பஸ், சுமார் இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபத்தைந்து ரூபாய். காரைக்கால் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டார்கள், பேரம் பேசியும் குறையவில்லை.

குறுவைப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. பத்து லிட்டர் மருந்தைச் சுமந்துகொண்டு டிரோன் ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்தில் முடித்தது. வயல்காரர் வரப்பில் நின்றபடி, "முதுகுல டேங்க் கட்டி அடிச்சா எனக்கு அரை நாளுங்க, அப்புறம் ரெண்டு நாளு படுக்கை" என்றார். எல்லையில் எதிரியைத் தேடிய கை இங்கே இலைச்சுருட்டுப் புழுவை விரட்டுகிறது. நண்பனை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

11.15க்கு இளங்கோவுக்குப் போன் வந்தது. பக்கத்து மீனவர் கிராமமான கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போன கலியபெருமாளும் அவர் மச்சானும் திரும்பவில்லை. எட்டு மணிக்கு, "இன்ஜின் நின்னுபோச்சு, கரையிலேர்ந்து நாலு கிலோமீட்டர்ல கெடக்கோம்" என்று சொன்னதோடு போன் செத்துவிட்டது. கடலோரப் போலீசுக்குச் சொல்லியாயிற்று, இரண்டு படகு தேடப் போயிருக்கிறது, எங்கே தேடுவதென்றுதான் தெரியவில்லை. இளங்கோவிடம் ஒரு சின்ன கேமரா டிரோனும் உண்டு. அதற்கு இரண்டே பேட்டரி, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் தாங்கும்.

கிளிஞ்சல்மேட்டுக் கரைக்கு ஓடினோம். போலீஸ்காரர் அனுமதி கொடுத்ததும் நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். பதினெட்டு வருட அனுபவமாயிற்றே! கரையிலிருந்து கடலுக்குள் வீசும் கச்சான் காற்று அன்று பலமாக இருந்தது. காற்றின் வேகம், நான்கு மணி நேரம், திசை கிழக்கு என்று மணலில் குச்சியால் கணக்குப் போட்டேன்.

கலியபெருமாளின் மனைவி செல்வராணி எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் வுடாதீங்க சார். அங்க இருக்க மாட்டாங்க."

"கணக்குப் போட்டாச்சும்மா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

முதல் பேட்டரி தீர்ந்தது. திரையில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

செல்வராணி அழவில்லை. கோபம்தான். "இன்ஜின் நின்னா எங்காளுங்க கைய கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்களா? வலைய எறக்கி போட்டோட கட்டிப்புடுவாங்க. தண்ணிக்குள்ள கெடக்குற வலை காத்துக்கா போவும்? நீவாட்டுக்குத்தான் போவும். இன்னிக்கு நீவாடு வடக்க. மண்டபத்தூருக்கு வண்டிய வுடுங்க."

நீவாடு என்றால் கடல் நீரோட்டம். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆளில்லா விமானம் ஓட்டி ஓட்டி, படகிலும் ஆளில்லை என்றே கணக்குப் போட்டிருக்கிறேன்.

இளங்கோவின் வேனில் பத்து கிலோமீட்டர் வடக்கே போனோம். 1.10க்கு மண்டபத்தூர்க் கரையிலிருந்து இரண்டாவது பேட்டரியோடு டிரோன் எழும்பியது. இதுவும் தீர்ந்தால் வேறு வழியில்லை. செல்வராணி என் தோளை இடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். ஏழாவது நிமிடம் நீரில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. வலையின் மிதவைகள். அந்த வரிசையின் நுனியில் படகு, படகில் இரண்டு பேர்.

டிரோனை இறக்கினேன். ஒருவர் எழுந்து கைலியை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றினார்.

"எங்க வூட்டு ஆளுதான்! மானத்த வாங்குறாரு பாருங்க!" என்று செல்வராணி சிரித்தார், அதற்குப் பிறகுதான் அழுதார்.

இளங்கோ தேடும் படகுக்குப் போனில் இடத்தைச் சொன்னான். எதிர்காற்றில் திணறித் திரும்பிய டிரோனில் ஒன்பது சதவீதம்தான் மிச்சம். 2.20க்கு இரண்டு பேரும் கரையேறினார்கள். செல்வராணியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். சர்வீஸில் இருந்த காலத்தையும் சேர்த்து நான் மனதாரக் கொடுத்த சல்யூட்டுகளில் அதுவும் ஒன்று.

டிரோனோடு போகிறவர்களுக்கு: பறக்க அனுமதியுள்ள இடமா என்று முதலில் பாருங்கள், துறைமுகப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஆடியில் போனால் திரும்பி வரும்போது எதிர்காற்றுக்குப் பாதி பேட்டரியை ஒதுக்குங்கள். கடலுக்கு மேல் விடுவதென்றால் நீவாடு எந்தப் பக்கம் என்று கரையில் கேட்டுவிட்டு விடுங்கள்; யார் சொன்னாலும் நம்பலாம், என்னைப் போல வெளியூர்க்காரனைத் தவிர.

மறுநாள் கலியபெருமாளிடம் கேட்டுக்கொண்டு, அவர் கைலி சுழற்றியபோது டிரோன் எடுத்த படத்தைக் காரைக்காலில் முப்பது ரூபாய்க்குப் பிரிண்ட் போட்டேன். சேலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எல்லையில் நான் பார்த்த யாருக்கும் நான் பார்ப்பது தெரியாது. இவர் அண்ணாந்து என்னைப் பார்த்தே கைலியைச் சுழற்றுகிறார்.

"யாருங்க இது?" என்றாள் மனைவி.

"என்னத்தப் பாத்தேன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே" என்றேன். "இவரத்தான் பாத்தேன்."