ஞாயிற்றுக்கிழமைக்கு விடுதலை

1989 இல் மூன்று நாட்களில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு பஸ்ஸில் போனேன்.
2. அங்கே ஒரு கட்சிக் கூட்டத்துக்கு ஒரு பஸ் நிறையத் தமிழரை ஏற்றிச் செல்ல உதவினேன்.
3. அவர்களில் பலர் வேறொன்றை நம்பி ஏறியிருந்தார்கள் என்பது பாதி வழியில் தெரியவந்தது.
4. ஒரு வேட்பாளர் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார்.
5. வாக்கு எண்ணினார்கள்.
6. திரும்பி வந்தேன்.

மூன்றுக்கும் நான்குக்கும் விளக்கம் தேவை.

வெள்ளி பின்னேரம் புறப்பட்டேன். தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பஸ்ஸில் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. பார்க்க ஒன்றுமில்லை. கிங்ஸ்ரனில் கோப்பி குடிக்க நிறுத்தினார்கள், கோப்பியிலும் ஒன்றுமில்லை.

என்னை அழைத்தவர் புவனா அன்ரி, அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் சிறிய சேலைக் கடை வைத்திருக்கிறார். நான் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கணினி நிரல் எழுதுகிறவள். "நீதான் எல்லாத்தையும் நிரையா எழுதி வைக்கிறனி, ஆக்களை எண்ணி ஏத்த வா" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

சனி காலை, கடையில். அன்ரியின் பிரச்சினை எளிமையானது. அவருடைய வாடிக்கையாளர்கள் திங்கள் முதல் சனி வரை வேலைக்குப் போகிறவர்கள். சேலை வாங்க அவர்களுக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அன்று அவருடைய கடை போன்றவை பூட்டியிருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணச் சட்டம். வாடகை ஒப்பந்தம் மாத முடிவோடு முடிகிறது.

"உந்த மனுசன் தேர்தலில நிண்டால் இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்து வைப்பன். இல்லாட்டிப் பூட்டிப்போட்டுப் போறன்" என்றார்.

உந்த மனுசன் என்பது மிஸ்டர் ஹார்லன். பூட்டுத் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அரசாங்கம் எவருடைய கதவையும் திறக்கச் சொல்லவும் கூடாது, பூட்டச் சொல்லவும் கூடாது என்பது அவருடைய முழுக் கொள்கை. தொகுதியில் பல வருடமாக இருந்துவரும் பழைய மாகாணசபை உறுப்பினரை எதிர்த்து, அதே கட்சிக்குள் போட்டியிடுகிறார். இங்கே பொதுத் தேர்தலுக்கு முன்னர், தங்கள் வேட்பாளர் யார் என்பதைத் தொகுதியின் கட்சி அங்கத்தவர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். அங்கத்தவராகக் குடியுரிமை தேவையில்லை. அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்கூட ஒருவரைத் தேர்தலில் நிறுத்தலாம். இதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

துண்டுப் பிரசுரத்தை அன்ரியே தமிழில் எழுதியிருந்தார். மேலே பெரிய எழுத்தில்: ஞாயிற்றுக்கிழமைக்கு விடுதலை!

"சுதந்திரம் எண்டு போட்டிருக்கலாமே அன்ரி?"

"சுதந்திரம் எண்டால் கொழும்பில கொடியேத்திற கதை. எங்கட சனம் வருமோ?"

ஞாயிறு, பன்னிரண்டரை. பிளாசா முன்னால் மஞ்சள் நிற ஸ்கூல் பஸ் நின்றது. நாற்பத்தொரு பேர், எல்லோரும் அன்ரி கட்சியில் அங்கத்தவராகச் சேர்த்துவிட்டவர்கள். மழையும் பனியும் கலந்து விழுந்தன. கந்தையா அங்கிள் என்று ஒருவர், படியில் ஒரு காலை வைத்தபடி என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, உவர் எந்த இயக்கம்?"

"இயக்கமில்லை அங்கிள். பூட்டுக் கடை வைச்சிருக்கிறார்."

"அப்ப நல்லம். பிடிச்சு உள்ளுக்குப் போட்டாலும் வெளியில வந்திடுவார்" என்று ஏறி உட்கார்ந்தார்.

எனக்குப் பக்கத்தில் தங்கேஸ் அக்கா. பாண் சுட்டுப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறும் உண்டு. இந்த ஞாயிறைப் பெறுவதற்கு இரண்டு சனி இரவுகளை இன்னொருத்திக்குக் கொடுத்திருந்தார். பஸ் மார்க்கம் வீதியில் திரும்பியபோது மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சி, உவர் வந்தால் மாசத்தில நாலு ஞாயிறும் விடுதலையோ, ரெண்டோ?"

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் இல்லாத நாளுக்குப் பெயர் விடுதலை. எனக்கு அது அந்த நிமிடம்வரை நினைவுக்கு வரவில்லை. பஸ்ஸில் அநேகருக்கு வேறொன்றுமே நினைவில் இருந்திருக்கவில்லை. அவர்களுக்கு அந்தத் துண்டில் இருந்தது லீவு.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அவர் கடையளைத் திறக்கத்தான் கேக்கிறார், அக்கா" என்றேன்.

தங்கேஸ் அக்கா எழுந்து நின்றார். "புவனாக்கா! நான் ஷிப்ட் மாத்திப்போட்டு வந்தது உங்கட கடை திறக்கவோ?"

அதன் பிறகு ஒரே நேரத்தில் பலர் கதைத்தார்கள். பஸ் ஓட்டிய ஜமேக்காப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்து, யாருக்காவது சுகமில்லையா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். கொள்கை விளக்கம் நடக்கிறது என்றேன்.

"இறக்கி விடுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சாரதி நிறுத்திக் கதவைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது. ஒருவரும் இறங்கவில்லை. கதவு மூடியது.

அன்ரி முன்னாசனத்தில் திரும்பி முழங்காலில் நின்றார். "நான் பொய் எழுதேல்லை. தமிழ் அப்பிடிக் கிடக்கு. வந்து அந்தாளைக் கேளுங்கோ. பிடிக்காட்டி மற்றவருக்குப் போடுங்கோ."

"மற்றவர் ஞாயிறு லீவு தருவாரோ?" என்றார் கந்தையா அங்கிள்.

"அவர் ஒண்டும் தரார்."

"அது தெரிஞ்ச ஆள்போல கிடக்கு."

இரண்டு மணிக்குப் பாடசாலை மண்டபம். முன்வரிசைகளில் மிஸ்டர் ஹார்லனின் நெடுநாள் ஆதரவாளர்கள்: தளபாடக் கடை, கம்பளக் கடை, சப்பாத்துக் கடை முதலாளிமார். பின்னால் நாங்கள். பழைய உறுப்பினர் பதினைந்து நிமிடம் நன்றி சொன்னார். மிஸ்டர் ஹார்லன் ஐந்து நிமிடம் கதவுகளைப் பற்றிப் பேசினார். கேள்வி நேரம் வந்தது. தங்கேஸ் அக்கா கையை உயர்த்தினார். மொழிபெயர்க்க அன்ரியைக் கூப்பிட்டார்கள்.

"கேளுங்கோ புவனாக்கா. கடை திறக்கட்டும். ஞாயிறு வேலைக்கு வா எண்டு முதலாளி சொன்னால், நான் வரமாட்டன் எண்டு சொல்ல எனக்கு விடுதலை இருக்கோ?"

அன்ரி ஒலிவாங்கியை வாங்கினார். அந்த மண்டபத்தில் கேள்வி விளங்கியவர்கள் நாங்கள் மட்டும்தான். அதை வேறு எப்படியும் அவர் கேட்டிருக்கலாம். வேட்பாளருக்கு வாழ்த்துச் சொல்கிறார் என்று சொன்னால்கூடக் கைதட்டியிருப்பார்கள். முன்வரிசையைப் பார்த்தார். பிறகு உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் கேட்டார்.

மிஸ்டர் ஹார்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை என்பது தெரிந்தது. கொள்கையை உள்ளுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார் போலும். நானும் நிரலை அப்படித்தான் ஓட்டிப் பார்ப்பேன். பிறகு சொன்னார்: நிச்சயமாக. திறக்கச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது பிழையென்றால், வரச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் பிழை. அதற்காக எவரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. அதற்கும் பாடுபடுவேன்.

அன்ரி தமிழில் சொன்னார். பின்னால் கைதட்டல். முன்னால் சப்பாத்துக் கடைக்காரர் தளபாடக் கடைக்காரரைப் பார்த்தார்.

"எழுத்தில தருவாரோ எண்டு கேளுங்கோ" என்றார் தங்கேஸ் அக்கா.

"இரடி, போதும்!" என்றார் அன்ரி, ஒலிவாங்கியிலேயே.

வாக்களிப்பு நாலரை மணிவரை நடந்தது. நாங்கள் கொண்டுபோன பற்றிஸ் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. பழைய உறுப்பினரின் ஆட்களும் சாப்பிட்டார்கள். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள், அவர்களே சொன்னபடி, எல்லோரும் மிஸ்டர் ஹார்லனுக்குப் போட்டார்கள். முன்வரிசைக்காரர் சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு பழைய உறுப்பினரின் பக்கம் போய்க் கை கொடுத்ததை நானே பார்த்தேன். மிஸ்டர் ஹார்லன் பதினேழு வாக்குகளால் தோற்றார்.

அவர் பஸ்வரை வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள், எண்ணினேன்.

திரும்பும் வழியில் அன்ரியின் பக்கத்தில் தங்கேஸ் அக்கா போய் உட்கார்ந்தார்.

"நீங்கள் மாத்திக் கேட்டிருந்தால் வெண்டிருப்பியள், என்ன?"

"ஓம்."

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"நீ பின்னால நிண்டு முழுசிக்கொண்டெல்லோ இருந்தனி" என்றார் அன்ரி. இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது அன்ரி.

அன்றிரவே மொன்றியலுக்கு பஸ் ஏறினேன். இது எழுதும்போது நிலவரம் இதுதான். பழைய உறுப்பினரே கட்சியின் வேட்பாளர். மிஸ்டர் ஹார்லன் மறுபடியும் பூட்டுத் திருத்துகிறார். தங்கேஸ் அக்கா ஞாயிறுகளில் வேலைக்குப் போகிறார். அன்ரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை; கடை பூட்டியாயிற்று. சேலைகள் எல்லாம் வோபர்னில் அவருடைய தொடர்மாடி வீட்டில், ஏழாம் மாடியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும்.