மார்க் யார் போடுவா?

தோடி ராகத்தை எங்கே கேட்டாலும் எனக்கு அழுகிய முட்டை நாற்றம்தான் மூக்கில் ஏறும்…

சிரிக்காதீர்கள். நாற்பதுகளில் திருச்சியில் நான் படித்த காலேஜில் சங்கீத வகுப்பு, கெமிஸ்ட்ரி லேபுக்கு அடுத்த அறை. அங்கே அவர்கள் எதையோ காய்ச்சுவார்கள். இங்கே நாங்கள் நாலைந்து பெண்கள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுருதி சேர்த்துத் தோடி பாடுவோம்.

பி.ஏ.வில் எனக்கு மெயின் ஹிஸ்டரி. கூட எடுத்த பாடம் சங்கீதம். இதற்கு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்த ரகளை இருக்கிறதே!

"ஹிஸ்டரி சரி. பாட்டுக்கு எதுக்குடி காலேஜ்? ஆத்துக்கே வாத்தியார் வந்து சொல்லித் தரலையா?" என்றார் அப்பா.

"அவர் பெண் பார்க்க வரவாளுக்காகச் சொல்லித் தரார்ப்பா. நான் பரீட்சைக்குப் படிக்கணும்."

வாய் நீளம் என்று பெயர் வாங்கினேன். வாங்கினால் என்ன? பாடத்தை மாற்றவில்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டின பஸ், காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் முகமெல்லாம் புகை அப்பியிருக்கும். அதோடு போய்த்தான் ராக லட்சணம் எழுதினேன்.

கடைசி வருஷம், பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வழக்கம்தான் தெரியுமே… சொஜ்ஜி, பஜ்ஜி, ஒரு பாட்டு. எல்லாரையும் சேவித்துவிட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன்.

பிள்ளையின் அம்மா ஆரம்பித்தாள். "காலேஜ்ல பாட்டுப் படிக்கறாளாமே, பாடட்டும். முகூர்த்தம் அடுத்த மாசமே வெச்சுக்கலாம். பரீட்சையெல்லாம் எதுக்கு? எங்காத்துல பாடினா போறாதா?"

அப்பா சரியென்று தலையை ஆட்டினார். அத்தனை நாள் முட்டை நாற்றத்தில் பழகினது இந்த ஜமக்காளத்துக்கா?

"பாடறேன் மாமி. மார்க் யார் போடுவா?" என்றேன்.

பிள்ளை சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் அம்மா பஜ்ஜித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"அடக்கமில்லாத பொண்ணுன்னு ஊர் பூரா சொல்லப் போறா!" என்று அப்பா அம்மாவிடம்தான் கத்தினார். என்னோடு பேசவே இல்லை. அம்மா அதுவரை எதற்கும் வாய் திறந்தவள் இல்லை. மறுநாள் காலையில் தயிர்சாத டப்பாவை என் கையில் திணித்து, "கிளம்புடி, பஸ் போயிடும்" என்றாள். அப்பா காதில் விழும்படி, உரக்க.

பரீட்சையில் என்னைத் தோடிதான் பாடச் சொன்னார்கள். பாடினேன். மார்க் போட்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் குழந்தைகள் போனைப் பார்த்துப் பாடி, அப்படியே ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். யாரிடமும் கேட்பதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்… நன்றாக இருக்கட்டும்.

என்னையும் "ஒரு பாட்டுப் பாடுங்கோ" என்பார்கள். குரல் நடுங்குகிறது, மூச்சுப் பிடிக்க முடிவதில்லை. இருந்தாலும் தோன்றினால் பாடுவேன். தோன்றாவிட்டால் மாட்டேன்.

அன்றைக்கு அந்த ஜமக்காளத்திலும் நான் அவ்வளவுதான் கேட்டேன்.