சாலமோனுக்கு ஓர் இடம்

ரூத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் எங்கள் கல்லறைத் தோட்டக் கமிட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நினைத்தாலே குமட்டுகிறது. அந்தக் கமிட்டிக்குச் செயலாளர் நான்தான் என்பதால் காறித் துப்பவும் வழியில்லை.

கருங்குழிக்கு வடக்கே, பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது எங்கள் காலனி. ஆறு அங்கே வளைந்து திரும்புகிறது. வளைவின் வெளிப்பக்கம் எங்களுடையது. தண்ணீர் வேகமாக வந்து மோதுவதும் கரையை அரிப்பதும் அந்தப் பக்கத்தில்தான். அரித்த மண்ணைச் சற்றுக் கீழே, எதிர்ப்புறத்தில், ஓட்டம் தணிகிற இடமாகப் பார்த்து மேடாகக் கொட்டிவிட்டுப் போகும். அந்த மேட்டில் இப்போது எவனோ கம்பிவேலி போட்டு மனை விற்கிறான். எங்கள் முன்னோர் நிலமில்லாத கூலிகள். செத்தவர்களைப் புதைக்க அவர்களுக்கு ஆறு தின்கிற பக்கம்தான் கிடைத்தது. நல்ல இடத்தை அவர்களுக்கு யார் கொடுப்பார்கள்?

ரூத்துக்கு இந்த ஆறு நன்றாகத் தெரியும். இருபது வயதில் கணவன் சாலமோனோடு ஆற்றில் இறங்கி, லாரிக்கு மணல் அள்ளிப் போட்டவள். அள்ள அள்ள ஆற்றின் தரை ஆளுயரத்துக்குக் கீழே போனது. கரையின் அடிப்பகுதி பிடிப்பில்லாமல் நின்றது.

“அள்ளுனதுல நானும் ஒருத்தி” என்று அவளே சொல்வாள். எங்களில் வேறு யாரும் அப்படி ஒப்புக்கொண்டதில்லை. வீடு கட்ட ஆளுக்கு ஒரு லோடு இறக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டோம்.

இப்போது அவள் தினமும் பஸ்ஸில் சென்னைப் பக்கம் படூருக்குப் போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைக்கிறாள். சாலமோன் 2018இல் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். ஆற்றோரம் கடைசி வரிசையில் அவனைப் புதைத்தோம்.

அடுத்த வருஷம் தோட்டத்தைச் சீரமைக்கக் கமிட்டி நன்கொடை திரட்டியது. ரூத் கூட்டத்துக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஆத்துப் பக்கம் மொதல்ல கல்லு கட்டுங்க. மேல பாத்தா நல்லாத்தான் கீது. அடியில பொந்து பொந்தா கொடஞ்சி வெச்சிகீது.”

தலைவர் ஸ்டான்லி சிரித்தார். “ஆத்துப் பக்கம் யாரும்மா வந்து பாக்கப் போறான்? ரோட்டுப் பக்கம் ஆர்ச்சு வெச்சாதான டப்பு குடுத்தவன் பேரு வெளிய தெரியும்?”

எல்லோரும் தலையாட்டினோம். ஆர்ச் வந்தது. கறுப்புக் கல்லில் முப்பத்தாறு பெயர்கள், அதில் என்னுடையதும் ஒன்று. ரோட்டுப் பக்கம் மதில், பெயின்ட் அடித்த இரும்புக் கேட். ஆற்றுப் பக்கத்துக்கு, எங்கோ இடித்த வீட்டின் கான்கிரீட் கட்டிகளை, தண்ணீர் வருகிற மேல்முனையில் நாலு டிராக்டர் கொட்டியதோடு சரி. தண்ணீர் அந்தக் குவியலில் முட்டி, சுற்றித் திரும்பி, குவியல் முடிகிற இடத்தில் இரண்டு மடங்கு வெறியோடு கரையைக் குடைந்தது. அங்கேதான் கடைசி வரிசை இருந்தது.

2021 நவம்பரில், கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை, வெள்ளம் வந்தது. கரை தாங்கியது. நாலாம் நாள் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஸ்டான்லி ஸ்தோத்திரம் சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நாங்களும் வெட்கமில்லாமல் குடித்தோம். ரூத் மட்டும் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“ஏறும்போது தண்ணியே கரைய தாங்கிகினு இருக்கும் அண்ணாத்த. எறங்கும்போதுதான் ஈர மண்ணு மொத்தமா சரியும். இப்பவே அவர எடுத்து வேற எடத்துல வெச்சிடணும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒரு மனு எழுதிக் குடும்மா. ஞாயித்துக்கிழம கூட்டத்துல வெக்கிறேன்.”

சனிக்கிழமை காலையிலேயே கடைசி வரிசையில் ஐந்து கல்லறைகள் ஆற்றில் சரிந்தன. சாலமோனுடையது பாதி போயிருந்தது. அறுபட்ட கரையிலிருந்து பெட்டியின் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் போனில் படம் எடுத்தார்கள். சேற்று வாடையைத் தவிர அங்கே எந்த நாற்றமும் இல்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது அந்த மூக்குகளைப் பார்த்துத்தான்.

ரூத் குப்புறப் படுத்து, விளிம்புக்கு வெளியே கையை நீட்டினாள். நான் அவள் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். எஞ்சிய எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேலைக்குப் போடுகிற நீலக் கோட்டை விரித்து அதில் வைத்தாள். தலை கிடைக்கவில்லை. அதை ஆறு கொண்டுபோயிருந்தது.

கோட்டை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு அவள் நேராக ரோட்டோர முதல் வரிசைக்குப் போனாள். கமிட்டித் தலைவர் குடும்பத்துக்கென்று கல் நட்டு ஒதுக்கிய காலி இடம் அங்கே இருந்தது. நான் கொண்டுவந்திருந்த மண்வெட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள்.

ஸ்டான்லி ஓடி வந்தார். “ஏய் ரூத்து, இன்னா பண்ற? அது எனக்கு வெச்ச எடம்!”

ரூத் நிமிரவில்லை.

“நீ வர்றதுக்குள்ள ஆறு இங்க வந்துடும். அதுவரைக்கும் இவரு படுத்துகினு இருக்கட்டும்.”