ஒரே முகம், இரண்டு பாஸ்போர்ட்

மூத்தவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கேள்வியைக் கேட்டால் உச்சந்தலை வரைக்கும் எரியும். "நீ இவளா, அவளா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

இரட்டைப் பிறவி. சில நிமிஷம் முந்திக்கொண்டு வந்ததால் இவள் மூத்தவள். பின்னாலேயே வந்தவள் இளையவள். நெற்றி, நிறம், உயரம், சிரித்தால் கன்னத்தில் விழுகிற குழி, எல்லாமே அச்சு அசல். போதாக்குறைக்கு அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர்களில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. இளையவள் அடித்த அரட்டைக்கு மூத்தவள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டாள். மூத்தவளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் மாமா பலகாரத்தை மென்றுகொண்டே, "மணவறையில ஆளை மாத்திட மாட்டீங்களே?" என்று கேட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

அந்த மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் ஏ.சி. மெக்கானிக் வேலை. கல்யாணமாகி அவரோடு விமானம் ஏறியபோது மூத்தவளுக்குப் பெரிய நிம்மதி. அந்த ஊரில் அவளுக்கு ஒரே ஒரு முகம்தான். பல்செட் செய்கிற லேப் ஒன்றில் வேலை கிடைத்தது. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, மெழுகில் ஈறு செதுக்கி, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். யாருக்கு முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, யாருக்கு இடைவெளி இருந்தது என்று பார்த்துப் பார்த்து வைப்பாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சா சீக்கிரம் முடியுமே" என்று லேப் முதலாளி சொன்னால் முறைப்பாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம் வந்தது. அது புதிதாக வந்தால்தான் வேலை அனுமதியையும் புதுப்பிக்க முடியும்.

தூதரகத்தில் டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து, சிரிக்காத முகத்தோடு எடுத்த போட்டோவையும் கொடுத்துவிட்டு வந்தாள். போட்டோ சின்னதாக இருக்கிறது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். பெரிதாக எடுத்துக்கொண்டு போனால் காது தெரியவில்லை என்றார்கள். காதைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அடையாளம் உறுதி செய்ய நேர்காணலுக்கு வரவும்.'

நேர்காணல் அறையில் ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"மேடம், உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு பாஸ்போர்ட் இருக்கே. போன வருஷம்தான் ஊர்ல புதுப்பிச்சிருக்கீங்க."

"அது நான் இல்ல சார். என் தங்கச்சி. நாங்க ரெட்டை."

"பிறந்த தேதி ஒண்ணு. அப்பா, அம்மா பேரு ஒண்ணு. பேர்ல ஒரு எழுத்து மட்டும் வேற. முகம் ஒண்ணுன்னு சிஸ்டம் சொல்லுது."

"ரெட்டைன்னா எல்லாம் ஒண்ணாத்தானே சார் இருக்கும்?"

"ரெட்டைன்னு சிஸ்டத்துல ஒண்ணும் இல்லையே மேடம்."

மூத்தவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். "கைரேகை பாருங்க சார். அது வேற வேறதானே?"

"பார்த்தாச்சு. வேறதான். ஆனா உங்க பழைய பாஸ்போர்ட் எடுத்தப்போ ரேகை வாங்கலை. அதனால இது உங்க ரேகைதானான்னு சொல்ல முடியாது. இப்போ ஒரே முகத்துக்கு ரெண்டு ரேகை நிக்குது. இது இன்னும் சிக்கல்."

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. படித்த பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வாசல், அடுத்த வீட்டில் யார் குடியிருந்தார்கள், அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். மூத்தவள் ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பேனாவை மூடினார்.

"எல்லாம் சரிதான். ஆனா இது உங்க தங்கச்சிக்கும் தெரிஞ்சிருக்குமே. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது சொல்லுங்க."

"எனக்கு மட்டும் தெரிஞ்சதைச் சொன்னா, அது சரியா தப்பான்னு நீங்க எப்படி சார் பார்ப்பீங்க?"

கண்ணாடிக்காரர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "அதுவும் ஒரு பிரச்சினைதான்" என்றார். "நீங்க ரெட்டைன்னு ஊர்ல ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டாள். இளையவள் ஊரில் அப்பாவோடு இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, வீட்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பேசாம என் பாஸ்போர்ட்டை அனுப்பி வைக்கட்டுமா? காது நல்லாவே தெரியுது."

"வாயை மூடுடி. எரிச்சலக் கெளப்பாத."

இளையவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊர் அலுவலகத்துக்கு அலைந்தாள். முதல் நாள் ஆள் இல்லை. அடுத்த நாள் ஆள் இருந்தார், முத்திரை இல்லை. கடைசியில் அங்கிருந்த எழுத்தர், இரட்டை என்று எழுதித் தர வேண்டுமானால் இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்றார்.

"அவ வரணும்னா பாஸ்போர்ட் வேணும் சார். அதுக்குத்தானே இந்தச் சான்றிதழே" என்றாளாம் இளையவள்.

"அப்போ அவங்க பாஸ்போர்ட் எடுத்துட்டு வரட்டும், தந்துடறேன்" என்றாராம் அவர்.

இதைக் கேட்டு மூத்தவள் சமையலறையில் கரண்டியை வீசி எறிந்தாள். அது போய்க் குளிர்சாதனப் பெட்டியில் மோதியது. கணவர் எழுந்து வந்து முதலில் பெட்டியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

"ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வீடியோவுல பார்த்தாப் போச்சு. இதுக்கு எதுக்கு இவ்வளவு?"

"அந்தாளுகிட்ட சொன்னேங்க. அப்படி ஒரு வழிமுறை இல்லையாம்."

இதற்குள் வேலை அனுமதி முடிந்துவிட்டது. அனுமதி இல்லாமல் வேலை செய்யவிட்டால் முதலாளிக்கும் ஆபத்து. "உன் இடத்துல யாரையும் நிரந்தரமா போட மாட்டேன். சீக்கிரம் முடிச்சிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். மூத்தவள் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, துடைத்த மேஜையையே துடைத்தாள். தூதரகத்துக்குப் போன் செய்தால் பாட்டு ஓடியது. பாட்டு முடிந்தால் இணைப்பு அறுந்தது. கணவர் வாயைத் திறந்தாலே பாய்ந்தாள். பாவம், அவர் உப்பு கேட்கக்கூடப் பயந்தார்.

ஒருவழியாக இரண்டாவது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. இந்தமுறை கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில் அவருடைய மேலதிகாரி, ஒரு பெரிய மேடம், உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த திரையில் ஊர் பாஸ்போர்ட் அலுவலகம் தெரிந்தது. அங்கே நாற்காலியில் இளையவள். கணவர் சொன்னது போலவேதான் செய்திருந்தார்கள். வெளியே காத்திருக்கிற மனிதர் இதைத் தெரிந்துகொண்டால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாரே என்று மூத்தவளுக்குத் தோன்றியது.

பெரிய மேடம் திரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "ரெண்டு பேர் இருக்கீங்கன்னு ஒத்துக்கறேன். யாரு யாருன்னுதான் இப்போ தெரியணும். சின்ன வயசுல உங்களை மாத்திப் புரிஞ்சுக்கிட்டது ஏதாவது சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட வந்தாங்க மேடம். எனக்கே ரெண்டு தடவை போட்டுட்டாங்க. இவளுக்குப் போடவே இல்ல" என்றாள் மூத்தவள்.

"என்னது?" திரையிலிருந்து இளையவள் முன்னால் சாய்ந்தாள். "ரெண்டு தடவை குத்து வாங்கினது நான். நீதான் வரிசையில பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்ட."

"கை வீங்கி ரெண்டு நாள் படுத்துக் கிடந்தது யாரு?"

"நான்தான்! நீ என் பங்கு ஐஸ்கிரீமையும் சேர்த்துத் தின்ன!"

"இவளை நம்பாதீங்க மேடம்!"

"போதும், போதும்" என்று மேஜையைத் தட்டினார் பெரிய மேடம். கண்ணாடிக்காரர் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். "கடைசிக் கேள்வி. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்கள்ல யாராவது, எப்பவாவது, மத்தவங்களா நடிச்சதுண்டா?"

"இல்ல" என்றாள் மூத்தவள் பட்டென்று.

திரையில் இளையவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமா மேடம்" என்றாள்.

மூத்தவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். எத்தனை நாள் அலைச்சல், எத்தனை பாட்டு. வீட்டில் அவ்வளவு வாய் பேசுகிறவள், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? "ஏண்டி, உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினாள்.

"அரசாங்க ஆபீஸ்ல பொய் சொல்லச் சொல்றியா?" என்ற இளையவள், மேடத்தைப் பார்த்துப் பேசினாள். "எங்க அப்பாவுக்கு இப்போ ஞாபகம் சரியா இல்ல மேடம். சில நாள் தட்டைத் தள்ளிவிட்டுடுவார். மூத்தவ வரட்டும், அப்பதான் சாப்பிடுவேன்னு உக்காந்துடுவார். நான் எழுந்து உள்ளே போய், இவள மாதிரி தலையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, வாசல் வழியா வந்து, 'அப்பா, நான் வந்துட்டேன்'னு சொல்வேன். உடனே சாப்பிட்டுடுவார்."

போன் செய்யும்போதெல்லாம் 'அப்பா நல்லா இருக்கார்' என்றுதானே இவள் சொன்னாள் என்று மூத்தவள் நினைத்தாள். பிறகு, நாமும் அதற்கு மேல் கேட்கவில்லை என்றும் நினைத்தாள்.

"பேங்க், பத்திரம், கையெழுத்து... இதுக்கெல்லாம்?" என்று கேட்டார் பெரிய மேடம்.

"சோறு ஊட்டறதுக்கு மட்டும்தான் மேடம்."

மேடம் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இதுல 'ஆமா', 'இல்ல'ன்னு ரெண்டே கட்டம்தான் மேடம் இருக்கு. 'ஆமா' போட்டா ஃபைல் மேலிடத்துக்குப் போயிடும்."

மேடம் பெருமூச்சு விட்டார். பேச்சு முழுக்கப் பதிவாகியிருந்தது. 'ஆமா' கட்டத்தில்தான் அவரால் குறியிட முடிந்தது.

"பொய் சொல்லியிருந்தா இன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பீங்க, இல்ல?" என்று கேட்டாள் மூத்தவள். பெரிய மேடம் ஃபைலை மூடி வைத்தார். கையைப் பிசைந்துகொண்டே வெளியே வந்தாள். "வீடியோவுலதானே பார்த்தாங்க?" என்று எழுந்த கணவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மேலிடம் அந்தச் சோற்றுக் கதையைப் படித்து, யோசித்து, முடிவெடுக்க அந்தப் பருவமே கழிந்துவிட்டது. பாஸ்போர்ட் கூரியரில் வந்தபோது மூத்தவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பெயரின் கடைசி எழுத்தை மூன்று தடவை சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அனுமதியைப் புதுப்பித்தாள். லேபுக்குப் போய், தான் இல்லாதபோது வேறொருவர் வரிசை பிடித்த மாதிரி வைத்திருந்த பற்களை எல்லாம் பிடுங்கித் திருத்தி வைத்தாள். பிறகு விடுப்பு கேட்டாள். முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை.

ஊரில் இறங்கியதும் நேராக அப்பாவிடம் போனாள். மெலிந்திருந்தார். மத்தியானம் இளையவள் தட்டை வைத்ததும் தள்ளினார்.

"மூத்தவ வரட்டும்."

மூத்தவள் அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "நான்தாம்ப்பா மூத்தவ. வந்துட்டேன்."

அப்பா அவளைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார். "நீ இல்ல" என்றார். "அவ தினமும் வருவாளே. அவளைக் கூப்பிடு."

பையைத் திறந்து புதுப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டலாமா என்றுகூட மூத்தவளுக்கு ஒரு நொடி தோன்றியது. அவ்வளவு ஆத்திரம். அதற்குள் இளையவள் எழுந்து உள்ளே போய், தலையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கொல்லைப்புறமாகச் சுற்றி வாசல் வழியே வந்தாள்.

"அப்பா, நான் வந்துட்டேன்."

"வா, வா" என்று வாயைத் திறந்தார் அப்பா.

மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். சில நாள் அப்படியே போயிற்று. முதலில் தண்ணீர் மட்டும் அவள் கையால் வாங்கிக் குடித்தார். பிறகு ஒருநாள் அவள் பிசைந்து நீட்டிய கவளத்தையும், யார் என்று கேட்காமல், வாங்கிக்கொண்டார். அன்று இளையவள் பின்கட்டில் பாய் விரித்துப் படுத்தவள், டியூஷன் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை.