என் வயிற்றில் இருந்தது கட்டியல்ல

என் வயிற்றைக் கிழிக்க நாள் குறித்துவிட்டார்கள். கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. குறித்தவர்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, ஆஸ்பத்திரி டாக்டர். வயிறு என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாமுண்டி அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லும்படி வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் கோபமில்லாமல் சொல்ல என்னால் ஆகாது. இத்தனை வருஷம் போயும் ஆகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. மகாராஜா ஆட்சி. என் வீட்டுக்காரருக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் வீடு. மூத்தவள் கமலாவை பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். விதவையான நாத்தனார் ரத்தினம்மாளும் எங்களோடுதான் இருந்தார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

ஆனி மாதத்தோடு எனக்குத் தீட்டு நின்றது. வயதாகிவிட்டது, இனி வராது என்று நானேதான் நினைத்தேன். ஆடியில் கொஞ்சம் உதிரம் பட்டது, அதுவும் நின்றது. காலையில் குமட்டல். பித்தம் என்று ரத்தினம்மாள் இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். தசரா ஊர்வலம் பார்க்கப் போனபோது நிற்க முடியாமல் பாதியில் திரும்பி வந்தேன். அடிவயிற்றில் கையை வைத்தால் தேங்காய் அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. அவருடைய தாயார் வயிற்றில் கட்டி வந்து செத்தவர். காட்டாமல் காட்டாமல் இருந்து கடைசியில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பயம் அவரை விட்டதே இல்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் கெட்டிக்காரர் என்று ஊரில் பெயர். நான் மறைப்புத் தட்டிக்கு உள்ளே படுத்திருந்தேன். அவர் புடவைக்கு மேலேயே ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு தட்டிக்கு வெளியே போய் என் வீட்டுக்காரரிடம் கேட்க ஆரம்பித்தார். சாப்பாடு செல்கிறதா? வலி உண்டா? உதிரம் பட்டதா? எல்லாவற்றுக்கும் இவர் பதில் சொன்னார். எனக்கு வலி உண்டா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? "கொஞ்சம் வலி இருக்கும்னு நினைக்கறேன் சார்" என்றார். எனக்கு வலியே இல்லை! தட்டிக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அப்படித்தானே வளர்ந்திருந்தோம்.

கர்ப்பப்பையில் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

தீபாவளி கழிந்து கமலா வந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. வளைகாப்பு போட்டுப் பிரசவத்துக்கு இங்கேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு மத்தியானம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா இப்படி உதைக்குது? நாங்க மூணு பேரும் இப்படித்தான் பண்ணமா?"

"உன் தம்பிங்க இதைவிட மோசம்" என்று சிரித்தேன்.

"எனக்கு முதல்ல தெரியவே இல்லம்மா. எப்ப ஆரம்பிச்சுதுன்னே சொல்ல முடியல."

"யாருக்கும் தெரியாது கண்ணு. முதல்ல கண்ணிமை துடிக்கிற மாதிரி இருக்கும். வாயுன்னுதான் நினைப்போம். அப்புறம் ஒரு பத்து நாள் போனா, தொட்டித் தண்ணியில மீன் திரும்பற மாதிரி..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். அந்த நேரத்தில் என் அடிவயிற்றில் அது திரும்பியது. நான் சொல்லிக்கொண்டிருந்த அதே மீன். பத்து நாளாக வாயு என்று நினைத்து ஓமம் மென்றுகொண்டிருந்தேனே, அதுவும் இதுதான். ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று பெற்றவள் நான். எனக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்ததும் சொன்னேன். "என்னங்க, இது கட்டி இல்ல. பிள்ளை. அசையுது."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பயந்து போனார். "செங்கமலம், ஆபரேஷனுக்குப் பயந்துக்கிட்டு ஏதோ சொல்ற. எங்கம்மாவும் இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

ரத்தினம்மாளுக்குக் கண் கலங்கவில்லை. "சும்னே இரு, பேசாதே! பொண்ணுக்கு வளைகாப்பு போடற வீட்டுல அம்மாக்காரியும் வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னா ஊர் சிரிக்காதா? மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்றது? வாயுவைப் போய்ப் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு" என்றார்.

சகோதரிகளே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டி என்றால் யாருக்கும் வெட்கமில்லை. அக்கம்பக்கத்தில் சொல்லலாம், பரிதாபப்படுவார்கள். பிள்ளை என்றால் வெட்கம். கல்யாணமான பெண்டாட்டி புருஷனுக்குப் பிள்ளை பெறுவதில் என்ன வெட்கம்? கத்தி பட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும். நானும் சாகலாம். அது பரவாயில்லை. ஊர் சிரிக்கக் கூடாது!

மறுபடி டாக்டரிடம் போனபோது தட்டிக்கு உள்ளிருந்து நானே சத்தமாகச் சொன்னேன். "அசையுது டாக்டர். எனக்குத் தெரியுது." பிறகு அவர் என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார். "இந்த வயசுல பெண்களுக்கு இப்படி ஒரு நினைப்பு வரும். நீங்க மனசைத் தளர விடாதீங்க." என்னிடம் சொல்லவில்லை. நான் பேசினேன், பதில் அவருக்குப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை. ஆபரேஷனுக்குச் சில நாளே இருந்தது. வயிற்றில் அசைவு நின்றுபோனது. காலையில் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துப் பார்த்தேன். குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. அவர்கள் சொன்னதுதான் சரியோ? நான்தான் ஆசைப்பட்டுக் கற்பனை செய்துகொண்டேனோ? அல்லது இருந்தது செத்துவிட்டதா? யாரிடம் கேட்பேன்? கேட்டால், பார்த்தாயா என்பார்கள்.

மாடிக்குப் போனேன். எங்கள் மாடியிலிருந்து சாமுண்டி மலை நன்றாகத் தெரியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த மலையைப் பார்த்துக் கும்பிடாமல் நான் அடுப்பு மூட்டியதில்லை. அன்று கும்பிடவில்லை. திட்டினேன்.

"தாயே, ஆம்பிளைங்க கேக்கல. கூடப் பொறந்தவ மாதிரி இருந்த நாத்தனா கேக்கல. நீயும் பொம்பளைதானே? நீயும் கேக்க மாட்டியா? பொய்யினா பொய்யினு காட்டு, நானே போய்க் கத்திக்குக் கீழே படுக்கறேன். நிஜம்னா எனக்கு ஒரே ஒரு ஆளைக் கொடு. என்னைக் கேக்கற ஆளு. ஒரே ஒரு ஆளு!"

அழுதுகொண்டே சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இதுதான் நான் செய்த பிரார்த்தனை. விளக்கு ஏற்றவில்லை, பூ போடவில்லை.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கமலா வாசலில் நின்று அழுதாள். அவள் ஒருத்திதான் என்னை நம்பியவள். அவளால் என்ன செய்ய முடியும்?

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்தார்கள். டாக்டருக்குத் திடீரென்று எங்கேயோ அவசர அழைப்பு, போய்விட்டார் என்றார்கள். அவர் திரும்பும்வரை நோயாளிகளைப் பார்க்கப் புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டரை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். கன்னடத்துக்காரர், தமிழும் பேசினார். தட்டிக்குள் வந்தார். வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டார். நாற்காலியை என் தலைமாட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா தொந்தரவு?"

"கட்டிங்க. கர்ப்பப்பையில..." என்று இவர் ஆரம்பித்தார்.

"உங்களைக் கேக்கலை ஸ்வாமி. அவங்களைக் கேட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. அவர் அவசரப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு எல்லாம் சொன்னேன். ஆனியில் நின்றது, குமட்டல், மாடியில் திரும்பிய மீன், இப்போது அசைவு நின்றது, எல்லாம்.

புடவையை விலக்கி, வெறும் கையால் நெடுநேரம் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு நாதஸ்வரத்தின் அடிப்பாகம் போலிருந்த ஒரு சின்ன மரக்குழலை என் வயிற்றில் வைத்து அதில் காதை வைத்தார். ஒரு பக்கம் கேட்டார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமுண்டி, சாமுண்டி என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

கீழே, இடது பக்கம் ஓரிடத்தில் குழல் நின்றது. அவர் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு, அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், இத்தனை நாள் அசையாமல் கிடந்தது அந்தக் குழலையே ஒரு உதை உதைத்தது. அவர் காது ஆடியது எனக்கே தெரிந்தது.

"அய்யோ, ஒதைச்சிட்டுது நோடி, பாருங்க!" என்று சிரித்துவிட்டார். "குதிரை ஓடற மாதிரி அடிச்சுக்குதும்மா இதயம். வாங்க ஸ்வாமி, நீங்களும் கேளுங்க."

இவர் குனிந்து காதை வைத்தார். கேட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம் பிறகு வந்தது. முதலில் கோபம்தான். மரக்குழல் சொன்னதை நம்பினார். கூடவே குடித்தனம் நடத்தி மூன்று பிள்ளை பெற்றவள் வாய்விட்டுச் சொன்னதை நம்பவில்லை. "இப்ப கேட்டுச்சா?" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் எங்கள் இருவருக்கும் உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். நஞ்சுக்கொடி முன்பக்கமாக ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது, அதனால் மெத்தைக்குப் பின்னாலிருந்து உதைப்பது போல அசைவு மங்கலாகத்தான் தெரியும் என்றார். பிள்ளையும் நம்மைப் போலத் தூங்கி விழிக்கும், அது திரும்பிப் படுத்தாலும் அசைவு தெரியாமல் போகலாம், ஆனால் நின்றுவிட்டது என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும் என்றார். இந்த மாதத்தில் அதற்குப் புருவம் வந்திருக்கும், உடம்பெல்லாம் பூனைமயிர் இருக்கும், உங்கள் குரல்கூடக் கொஞ்சம் கேட்கும் என்றார். மூன்று பெற்றும் எனக்கு இதெல்லாம் யாரும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? நம் உடம்புக்குள் நடப்பதை நமக்கு ஏன் மறைத்து வைக்கிறார்கள்?

தை மாதம் கமலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பங்குனியில் எனக்குப் பெண். மாமா மகனல்ல, சித்தி மகனல்ல, அக்கா மகன் இவளைவிட இரண்டு மாதம் மூத்தவன்! ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ரத்தினம்மாள் குழந்தையைக் கையில் வாங்கியதும் சொன்னது என்ன தெரியுமா? "நான் அப்பவே நினைச்சேன், இது பிள்ளையாத்தான் இருக்கும்னு." குழந்தை கையில் இருந்ததால் நான் வாயை அடக்கிக்கொண்டேன். அதுவும் அம்மன் கொடுத்த பொறுமைதான்.

நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையோடு மலைக்குப் போனோம். படியெல்லாம் வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு ஏறினார். பாதிப் படியில், பெரிய நந்திக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றார். "செங்கமலம், உன்னைக் கேட்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்" என்றார். நான் முன்னால் ஏறிப் போனேன். அம்மன் சந்நிதியில் ஈஸ்வரி என்று பெயர் வைத்தோம். இறங்கி வரும்போதுதான் அவரிடம் பேசினேன்.

அன்றிலிருந்து இந்தச் சந்துகளில் எந்தப் பெண் உண்டானாலும் நான் போய் உட்கார்வேன். எந்த மாதத்தில் எது வளர்கிறது, எது தெரிந்தால் பயப்பட வேண்டாம், எது தெரிந்தால் ஓட வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன். மாமியார்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

உங்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் சாமுண்டியிடம் கேளுங்கள். அடக்கமாகத்தான் கேட்க வேண்டும், அழுதுதான் கேட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலைமேல் இருப்பவள் கையில் சூலத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், கோபம் அவளுக்குப் புதிதல்ல. உங்கள் உடம்பில் எது நிஜமோ அதை உரக்கச் சொல்லி அவளைக் கூப்பிடுங்கள். அவள் கேட்பாள்.